போர்க்கைத் திருத்தாமல் மூன்றாம் சில்லா?

மூன்றாவது சில்லு பூட்டினால் மோட்டார் சைக்கிள் விழாமல் நிற்கும். அதனால் என் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தச் சில்லைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்த வண்டிச் சில்லு, என்ன ரயர், வெல்டிங் தாங்குமோ, பெயின்ற் எப்ப காயும். நான் முதலில் பார்ப்பது முன்சில்லை. அதைப் பிடித்திருக்கும் போர்க்கையும் போர்க்கைப் பிடித்திருக்கும் கழுத்தையும் அளந்த பிறகுதான் மற்றக் கதை. பக்கத்தில் இன்னொரு சில்லு வந்து சேர்ந்த அன்றோடு முன்சில்லின் வேலை மாறிவிடுகிறது. வண்டிக்காரருக்கு அது தெரியாமல் இருக்கலாம், வேலை செய்கிறவனுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

உடுவிலில் காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில் என் பட்டறை. வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு பகுதியினர் தோட்டக்காரர். வெங்காயம், கத்தரி, வாழைக்குலை என்று மருதனார்மடம் சந்தைக்கும் சுன்னாகம் சந்தைக்கும் விடிய வெள்ளன ஏற்றுகிறவர்கள். லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வாங்க வசதியில்லை, அல்லது அந்த அளவு சாமானுக்கு அது பெரிசு. பழைய மோட்டார் சைக்கிளின் இடப்பக்கத்தில் ஒரு சட்டமும் பெட்டியும் ஒரு சில்லும் வேண்டுமென்று கேட்பார்கள். மற்றப் பகுதியினர் கால் இழந்தவர்கள், கால் விளங்காதவர்கள். ஸ்கூட்டரின் பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் துணைச்சில்லு வைத்துக் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டாவது பகுதியினர் ஏன் இத்தனை பேர் என்று நான் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் 1987 இலிருந்து செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது. அங்கே கால் பெற்று நடக்கப் பழகியவர்கள் பலர் அடுத்ததாக நினைப்பது ஒரு வண்டியைத்தான்.

நான் தொழில் பழகியது பொருளாதாரத் தடைக் காலத்தில். 1990க்குப் பிறகு பெற்றோல் கண்ணால் காண்பதற்கில்லை. மோட்டார் சைக்கிளும் ஒஸ்ரின் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். புது உதிரிப்பாகம் என்று ஒன்று இல்லை. ஒன்றை இன்னொன்றாக்குவதுதான் அன்றைய மெக்கானிக் வேலை. எனக்குத் தொழில் காட்டிய பெரியவர் அதற்கு முந்திய தலைமுறை. பி.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்ரயம்ப் என்ற இங்கிலாந்து வண்டிகளில் கை கறுத்தவர். அந்தப் பழைய வண்டிகளின் கழுத்துக்கு மேலே ஒரு குமிழ் இருக்கும். முறுக்கினால் ஹான்டில் இறுகும், தளர்த்தினால் இலகும். இப்போதைய பொடியங்கள் அதை அலங்காரம் என்று நினைப்பார்கள். சைட்கார் பூட்டி ஓடும்போது ஹான்டில் உதறாமல் இருக்க வைத்தது அது. பெரியவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இதுதான்: “தம்பி, பக்கத்தில சில்லுப் பூட்டினால் இது பிறகு மோட்டச்சைக்கிள் இல்லை. பார்க்கத்தான் அப்படி இருக்கும்.”

அவர் சொன்னதன் காரணம் இது. இரண்டு சில்லு வண்டி வளைவில் சாய்ந்து திரும்பும். ஓட்டுகிறவர் ஹான்டிலைத் திருப்புவது மிகக் கொஞ்சம், மிச்ச வேலையைச் சாய்வு செய்துவிடும். அந்த வண்டி நேராக ஓட, கையை விட்டாலும் தானாக நிமிர, அதற்கு வேண்டிய ஒரு அளவைக் கம்பனி முன்பக்கத்தில் வைத்திருக்கிறது. கழுத்துக் குழாயின் நடுக்கோட்டை நிலம்வரை நீட்டினால் ஒரு புள்ளியில் முட்டும். சில்லின் அச்சிலிருந்து நேர்கீழே இறங்கினால் இன்னொரு புள்ளி. முதற்புள்ளி முன்னுக்கு, சில்லு நிலத்தைத் தொடும் புள்ளி பின்னுக்கு. இந்த இடைத்தூரத்தைப் பட்டறையில் ட்ரெயில் என்போம். வைத்தியசாலைத் தள்ளுவண்டியின் குட்டிச் சில்லு எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இழுபட்டு நேராகிறதே, அதே சங்கதிதான். சாதாரண மோட்டார் சைக்கிளில் இந்தத் தூரம் 80 தொடக்கம் 110 மில்லிமீற்றர் வரை இருக்கும்.

மூன்று சில்லு வண்டி சாயாது. சாயாத வண்டியை ஹான்டிலால் மட்டுமே திருப்ப வேண்டும். திருப்பும்போது நிலம் முன்சில்லைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ட்ரெயில் என்ற நெம்புகோலைப் பிடித்து ஹான்டிலைத் திரும்பவும் நேராக்கப் பார்க்கிறது. முன்சில்லில் 100 கிலோ பாரம் நிற்கிறதென்று வையுங்கள். ஒரு மிதமான வளைவில் அதன் பத்தில் மூன்று பங்கு, அதாவது 30 கிலோ, பக்கவாட்டில் தள்ளும். ட்ரெயில் 90 மில்லிமீற்றர், ஹான்டில் நடுவிலிருந்து கைப்பிடிக்கு 350 மில்லிமீற்றர் என்றால், ஒரு கைப்பிடியில் ஏழரைக் கிலோவுக்குக் கிட்ட இழுவை வரும். இரண்டு கை உள்ளவருக்கு அது பாதி பாதியாகும். ஒரு கைக்காரருக்கு முழுவதும் அந்த ஒரு கையில். ஒழுங்கைக்கு ஒழுங்கை, சந்திக்குச் சந்தி இதைத் தூக்க வேண்டும். ட்ரெயிலைப் பாதியாக்கினால் இந்த இழுவையும் பாதியாகும். சைட்கார் வேலை தெரிந்தவர்கள் 25 தொடக்கம் 50 மில்லிமீற்றருக்குள் கொண்டுவரப் பாடுபடுவது இதற்காகத்தான்.

அகலமான ஹான்டில் போட்டுச் சமாளிக்கிறவர்கள் உண்டு. நெம்பு நீண்டால் கைக்குக் கொஞ்சம் சுகம்தான். ஆனால் எங்கள் ஒழுங்கைகளில் அகலமான ஹான்டில் இரண்டு பக்க வேலியையும் துடைத்துக்கொண்டு போகும்.

இதில் எல்லாருக்கும் வருகிற ஒரு மயக்கத்தைச் சொல்லவேண்டும். முன்சில்லை முன்னுக்குத் தள்ளினால் ட்ரெயில் குறையும் என்பது சரி. அப்படியென்றால் கழுத்தையே அறுத்து இன்னும் சரித்துவிட்டால் சில்லு முன்னுக்குப் போய்விடுமே என்று பொடியங்கள் கேட்பார்கள். படங்களில் வரும் நீட்டுப் போர்க்கு வண்டியின் ஆசையும் அதற்குள் இருக்கும். கணக்குப் பாருங்கள். 17 அங்குல றிம், 2.75 ரயர், சில்லின் ஆரை ஏறத்தாழ 286 மில்லிமீற்றர். கழுத்துச் சாய்வு 27 பாகை, கழுத்துக் கோட்டிலிருந்து அச்சு 50 மில்லிமீற்றர் முன்னுக்கு. ட்ரெயில் 90 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். கழுத்தை 32 பாகைக்குச் சரித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டால் ட்ரெயில் 120 ஆகிறது. சில்லு முன்னுக்குப் போனது உண்மை. ஆனால் கழுத்துக்கோடு நிலத்தில் முட்டும் புள்ளி அதைவிடக் கூட முன்னுக்குப் போய்விட்டது. வண்டி முன்னையிலும் கனக்கும். கழுத்து இருந்த சாய்விலேயே இருக்க, அச்சை மட்டும் 40 மில்லிமீற்றர் முன்னுக்குக் கொண்டுபோனால் ட்ரெயில் 45க்கு இறங்கும். ஆகவே கழுத்தில் வாள் வைக்காமல், கழுத்துக்கும் அச்சுக்கும் இடையில் உள்ளதைத்தான் மாற்ற வேண்டும்.

அதற்கு நல்ல வழி, முன்னுக்கு நீளும் ஊசற்கை வைத்த போர்க்கு. போர்க்கின் காலடியில் ஒரு முளை, அதிலிருந்து முன்னோக்கி ஒரு கை, கையின் நுனியில் அச்சு. இங்கிலாந்துக்காரர் ஏர்ணி ஏர்ல்ஸ் என்பவர் 1950களின் தொடக்கத்தில் இந்த மாதிரி ஒரு போர்க்கைச் செய்தார். ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பனி அதை 1955 இலிருந்து 1969 வரை தன் வண்டிகளில் போட்டது. அதில் ஒரு கெட்டித்தனம் இருந்தது. கை பொருந்தும் முளைக்கு இரண்டு துளை. தனி வண்டிக்கு ஒன்று, சைட்காருக்கு முன்துளை. முளையைக் கழற்றி முன்துளையில் பூட்டினால் ட்ரெயில் குறையும், சைட்காரைக் கழற்றி விற்றால் பழைய துளைக்கு வரலாம். வண்டியோடு வந்த ஆயுதங்களை வைத்து வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய வேலை. 1941 இல் பி.எம்.டபிள்யூ. ஆர்.71 ஐப் பார்த்து ரஷ்யாவில் செய்யத் தொடங்கிய வண்டியின் வழியில் வந்த இன்றைய யூரலும் சைட்காரோடுதான் வருகிறது. அதற்கும் ஊசற்கைப் போர்க்குத்தான்.

இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எங்கள் ஊரில் அப்புமாரும் வாத்திமாரும் ஓடிய ஹோண்டா சி 90 இருக்கிறதே, அதன் முன்பக்கமும் இந்தக் குடும்பம்தான். 1958 இல் வந்த சுப்பர் கப் தொடக்கம் அந்த வரிசை வண்டிகளுக்குத் தகட்டுப் போர்க்கும் அடியில் முன்னுக்கு நீளும் குட்டைக் கையும் இருந்தன. சைட்பெட்டி பூட்ட ஒரு பழைய சி 90 வந்தால் எனக்குச் சந்தோசம். கையை மட்டும் நீளமாகச் செய்தால் அச்சு முன்னுக்கு வந்துவிடும். ஒரு விசயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கை நீண்டால் ஸ்பிறிங் இளகும். ஸ்பிறிங் பிடிக்கும் இடம் அப்படியே இருக்க, பாரம் நிற்கும் இடம் தள்ளிப் போகிறது. கை ஒன்றேகால் மடங்கு நீண்டால் ஸ்பிறிங்கின் விறைப்பு முன்பு இருந்ததன் மூன்றில் இரண்டுக்கும் கீழே போகும். ஸ்பிறிங்கை மாற்றாமல் கையை மட்டும் நீட்டினால் ஹான்டில் இலகுவாகத் திரும்பும், ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் முன்பக்கம் அடியில் இடிக்கும்.

இப்போது அதிகம் வருவது ரெலிஸ்கோப்பிக் போர்க்கு வண்டிகள். அவைகளில் போர்க்குக் கால்களைப் பிடிக்கும் மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் புதிதாகச் செய்து, கழுத்தைவிட மூன்று நாலு பாகை கூடுதலாகக் கால்கள் முன்னுக்குச் சரியும்படி வைப்பது ஒரு வழி. வெளிநாடுகளில் பெரிய ட்ரைக் வண்டிகளுக்கு இதையே செய்கிறார்கள், கடையில் செய்த தகடாகவே வாங்கலாம். இங்கே கடைச்சல் பட்டறையில் ஒரு நல்ல கையைப் பிடித்துச் செய்விக்க வேண்டும்.

போன வருசம் ஒரு அண்ணை ஸ்கூட்டி பெப் ஒன்றோடு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஸ்கூட்டி பெப் என்றால் பெண்பிள்ளைகளின் வண்டி. இவர் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாதவர். துணைச்சில்லு இரண்டும் வேறொரு இடத்தில் பூட்டியது. பூட்டின வேலை சுத்தம், குறை சொல்ல ஏலாது.

“என்னண்ணை பிரச்சினை?”

“வண்டியிலை ஒண்டுமில்லைத் தம்பி. எனக்குத்தான் தோள் நோகுது. டொக்டர் ஊன்றுகோலால எண்டு சொல்லுறார். ஆனால் ஊன்றுகோல் கனகாலமாப் பிடிக்கிறன். நோகத் தொடங்கினது வண்டி எடுத்த பிறகு.”

நான் ஏறி ஒழுங்கை முனைவரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன். அந்தப் பத்து அங்குலச் சில்லு வண்டிகூட என் இரண்டு கையையும் கேட்டது. அளந்து பார்த்தால் முன்பக்கம் கம்பனி விட்டபடியே இருந்தது. தோளுக்கு வந்த வருத்தம் எங்கே இருந்து வந்தது என்று அவருக்கு விளங்கப்படுத்த அதிக நேரம் எடுக்கவில்லை. கால் செய்ய வேண்டியதை ஏற்கெனவே தோள்தான் செய்கிறது. வண்டியும் அதே தோளில் ஏறியிருக்கிறது.

ஸ்கூட்டருக்குக் கழுத்துத் தண்டின் அடியில் ஒரே ஒரு தகடுதான், அதிலிருந்து இரண்டு குட்டைக் கால். அந்தத் தகட்டைப் புதிதாகக் கடைவித்து, கால்களை நாலு பாகை முன்னுக்குச் சரித்தோம். தகட்டிலிருந்து அச்சுவரை 400 மில்லிமீற்றர், ஆகவே அச்சு 28 மில்லிமீற்றர் முன்னுக்கு வந்தது. பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு. மட்காட் முட்டியது, அதை வெட்டி உயர்த்தினோம். பிறேக் கம்பி இழுபட்டது, நீளமானது போட்டோம். இந்தச் சில்லறை வேலைகளுக்குத்தான் நேரம் போனது. அவர் ஓடிப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லவில்லை. “எவ்வளவு தம்பி?” என்று மட்டும் கேட்டார். பிறகு அவர் அனுப்பி மூன்று நாலு பேர் வந்தார்கள், எல்லாரும் வந்தவுடன் முன்சில்லைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்கினார்கள்.

துணைச்சில்லு விசயத்தில் இன்னொன்று. நடுவில் இருக்கும் பின்சில்லுதான் வண்டியை ஓட்டுகிறது. துணைச்சில்லுகளின் ஸ்பிறிங் விறைப்பாக இருந்தால் பாரம் முழுதும் அவற்றில் ஏறிவிடும். மாரியில் செம்மண் சேற்றில் நடுச்சில்லு சும்மா சுற்றும், வண்டி நகராது. தமிழ்நாட்டில் கால் இயலாதவர்களுக்கு அரசே இணைப்புச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர்களை இலவசமாகக் கொடுக்கிறது. அங்கிருந்து வருகிற படங்களைப் பொடியங்கள் ரெலிபோனில் கொண்டுவந்து காட்டுவார்கள். படத்தில் சில்லின் வடிவம் தெரியும், ஸ்பிறிங்கின் விறைப்புத் தெரியாது.

இரும்பைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஜி.ஐ. பைப்பில் போர்க்குச் செய்து தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு, மலிவு என்று. நான் தொடுவதில்லை. அதற்குள் ஒட்டுக்கோடு இருக்கிறது, மேலே துத்தநாகப் பூச்சு. பூச்சோடு வெல்ட் பண்ணினால் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், ஒட்டும் பிடிக்காது. லொறி வில்லுத் தகட்டில் ஊசற்கை செய்வது இன்னொரு ஆசை. வில்லுத்தகடு உறுதி என்பது உண்மைதான். வெல்ட் பண்ணினால் ஒட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி போலாகிப் பிறகு ஒரு நாள் சத்தமில்லாமல் பிளக்கும் இரும்பும் அதுதான். மெல்லிரும்புத் தகடு தடிப்பாக எடுத்து, முளைக்கு வெண்கல புஷ் கடைந்து போட்டு, ஒட்டு வளையும் இடத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ரெலிஸ்கோப்பிக் போர்க்கின் கீழ்க்கால் பெரும்பாலும் அலுமினியம். அதன் முன்னால் இரும்புத் தகட்டை வைத்து போல்ட்டால் முறுக்கி அச்சை முன்னுக்குக் கொண்டுவந்த ஒரு வண்டியைப் பார்த்தேன். முன்பிறேக் பிடிக்கும்போது அந்தத் தகட்டில் ஏறும் முறுக்கை யாரும் யோசிக்கவில்லை. அந்த வண்டியை நான் ஓடிப் பார்க்கவும் இல்லை.

கழுத்தின் உள்ளே இருக்கும் குண்டுப் பெயாரிங்கையும் மாற்றிவிடுவேன். பக்கவாட்டு அடி அந்தக் கிண்ணத்தில் பள்ளம் போடும், பிறகு ஹான்டில் நடுவில் கடிபட்டு நிற்கும். கூம்பு உருளைப் பெயாரிங் அதைத் தாங்கும். அதேபோலக் கம்பிச் சில்லு. சாயாத வண்டியில் கம்பிகள் பக்கமாக இழுபட்டுத் தளரும். தடித்த கம்பி போடுங்கள் அல்லது வார்ப்புச் சில்லுக்கு மாறுங்கள். ரயர் உருண்டையாக இருப்பதும் சாய்வதற்காகவே. சாயாத வண்டிக்குத் தட்டை ரயர்தான் உழைக்கும்.

ட்ரெயில் குறைந்தால் அதற்கு ஒரு விலை உண்டு. மணிக்கு இருபது முப்பது கிலோமீற்றரில் ஹான்டில் இடமும் வலமும் உதறத் தொடங்கும். வேகம் கூடினால் நின்றுவிடும், ஆனால் சந்தியில் வேகம் குறைத்து வரும்போது திரும்பவும் பிடிக்கும். புதிதாக ஓடுகிறவர் பயந்து கையை விடுவார். ஊசற்கைப் போர்க்கில் பாரம் கழுத்துக்கு முன்னால் போய்விடுவதால் உதறல் இன்னும் கொஞ்சம் கூடும். பெரியவரின் இங்கிலாந்து வண்டிக் குமிழ் இதற்குத்தான். வெளிநாட்டில் பலர் பழைய வொக்ஸ்வாகன் பீட்டில் காரின் ஸ்ரியறிங் டாம்பரைக் கழற்றிப் போடுகிறார்கள். நான் போடுவது எதுவாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரேயளவு தடுக்கிறதா என்று கையால் இழுத்துத் தள்ளிப் பார்த்துத்தான் போடுவேன். சாதாரண சொக்கப்சோபர் நீளும்போது இறுகும், சுருங்கும்போது இளகும். அதை அப்படியே போட்டால் ஹான்டில் ஒரு பக்கம் கனத்து ஒரு பக்கம் ஓடும். டாம்பர் உதறலைத்தான் அடக்கும், கனத்த ஹான்டிலுக்கு மருந்தல்ல. டாம்பரை இறுக்கி இறுக்கிச் சமாளிக்க வேண்டியிருந்தால் ட்ரெயிலை மட்டுமீறிக் குறைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

தோட்டக்காரரின் சைட்பெட்டி வேறு கதை. துணைச்சில்லு இரண்டு பக்கமும் சமம், இது ஒரு பக்கம். எங்கள் வீதியில் இடப்பக்கம் ஓடுகிறோம், பெட்டியும் இடப்பக்கம். அக்சிலேற்றரைத் திருகினால் பெட்டி பின்னுக்கு இழுக்க வண்டி இடப்பக்கம் போகும். விட்டால் அல்லது பிறேக் பிடித்தால் பெட்டி முன்னுக்குத் தள்ள வண்டி வலப்பக்கம் போகும். அதோடு வீதியே மழைத்தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்திருக்கிறது. இதையெல்லாம் முன்போர்க்கு மட்டும் சமாளிக்காது. பெட்டிச் சில்லைப் பின்சில்லின் அச்சைவிட 100 தொடக்கம் 150 மில்லிமீற்றர் முன்னுக்கு வைக்கிறேன். அதன் முன்விளிம்பை மோட்டார் சைக்கிள் பக்கம் 10 தொடக்கம் 20 மில்லிமீற்றர் உள்வாங்க வைக்கிறேன். மோட்டார் சைக்கிளைப் பெட்டியிலிருந்து விலக்கி வலப்பக்கம் ஒரு பாகை சரிக்கிறேன். இருக்கையின் உயரத்தில் அது 14 மில்லிமீற்றர்தான்.

இதையெல்லாம் அளக்க எனக்கு வேண்டியது தூக்குக்குண்டு ஒன்று, நூல், இரண்டு நேரான அலுமினியச் சட்டம், மட்டமான ஒரு சீமெந்துத் தரை. அச்சிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி நிலத்தில் ஒரு கோடு. கழுத்தின் நடுக்கோட்டுக்கு நேராகச் சட்டத்தைப் பிடித்து நிலத்தில் இன்னொரு கோடு. இடையில் அடிமட்டம். ஓட்டுகிறவர் ஏறி இருக்க வேண்டும், பெட்டியில் வழக்கமாக ஏற்றுகிற பாரத்தில் பாதி இருக்க வேண்டும். வெறும் வண்டியில் எடுத்த அளவு வெறும் வண்டிக்குத்தான் சரி. ஒரு தோட்டக்கார ஐயா சந்தைக்குப் போகும்போது வண்டி நேராகப் போகிறது, திரும்பி வரும்போது இழுக்கிறது என்றார். போகும்போது மூன்று மூட்டை, வரும்போது ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில் வைத்துக் கொடுத்தேன். அதோடு ஒரு மண்மூட்டையையும் கொடுத்தேன், வெறும் பெட்டியோடு ஓடும்போது அது உள்ளே இருக்க வேண்டுமென்று. இடப்பக்க வளைவில் வெறும் பெட்டி தூக்கிவிடும். மருதனார்மடம் சந்தியில் சுன்னாகம் பக்கமிருந்து வந்து சற்று வேகமாக இடப்பக்கம் திரும்புகிறவருக்கு அது நொடியில் நடக்கும்.

பஜாஜ் ஆட்டோவை ஏன் யாரும் குறை சொல்வதில்லை என்று சில வேளை யோசிப்பேன். தொடக்கத்திலிருந்தே மூன்று சில்லு என்று நினைத்துச் செய்த வண்டி அது. 4.00-8 ரயர், சிறிய சில்லு. அதே கழுத்துச் சாய்வில் சின்னச் சில்லுக்கு ட்ரெயில் தானாகவே குறைவு. இந்தியாவில் குஜராத்தின் சக்கடா வண்டியும் பழைய டெல்லியின் பட்பட்டியும் வேறு வகை. சக்கடாவுக்கு முன்பாதி என்பீல்ட் புல்லட், பட்பட்டிக்கு இரண்டாம் உலகப் போர் மிச்சம் விட்ட ஹார்லி டேவிட்சன். சாய்வதற்குச் செய்த முன்பாதியைச் சாயாத உடம்பில் ஒட்டியவை. அவற்றை ஓட்டியவர்களின் தோளைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

2020 இல் வாகன இறக்குமதி நின்றது. 2022 இல் பெற்றோல் வரிசை, கியூ.ஆர். அட்டை. அந்த வருசங்களில் புது வண்டி வாங்க வழியில்லாமல் பழையதை மாற்றுகிறவர்கள் பெருகினார்கள். இறக்குமதி 2025 இல் திரும்பத் தொடங்கினாலும் விலை ஏழைக்கு எட்டாத இடத்தில் நிற்கிறது. ஆகவே இந்த வேலை குறையப்போவதில்லை. சட்டப்படி பதிவிலுள்ள வண்டியின் வடிவத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பதிவுப் புத்தகத்திலும் அது ஏற வேண்டும். அனுமதி இல்லாமல் ஓடி விபத்து நடந்தால் காப்புறுதிக்காரரோடு கதைக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. வேலைக்கு முன்னமே இதைச் சொல்லிவிடுவேன். கேட்டுக்கொண்டு திரும்பிப் போகிறவர்களும் உண்டு, அது அவர்கள் விருப்பம்.

பரிசோதிக்கும் அதிகாரிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை. லைற் எரிகிறதா, பிறேக் பிடிக்கிறதா, துணைச்சில்லின் வெல்டிங் எப்படி என்று பார்க்கிறீர்கள். அதோடு ஒரு தடவை ஏறி ஓடி ஹான்டிலைத் திருப்பியும் பாருங்கள். முன்போர்க்கு தொடப்படாத மூன்று சில்லு வண்டிக்குச் சான்று கொடுக்காதீர்கள்.

வண்டி செய்விக்கிறவர்களுக்கும் ஒன்று. காசு எண்ணிக் கொடுக்க முன் வண்டியை ஒரு வெறும் காணிக்குக் கொண்டுபோங்கள். வழக்கமான பாரத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். மெதுவாக இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம், ஒற்றைக் கையால். பிறகு முப்பது கிலோமீற்றர் வேகத்திலிருந்து அக்சிலேற்றரை விட்டு, கையைத் தளர்வாக வைத்து ஹான்டில் உதறுகிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கையால் திருப்ப முடியவில்லை, அல்லது ஹான்டில் கையை உதறுகிறது என்றால் அந்த வேலை முடியவில்லை. பட்டறைக்காரன் என்ன சொன்னாலும், அது நானாகவே இருந்தாலும், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.